கயிற்றை விட்டு முன்னுக்கு ஓடினவன்

எல்லாரும் விழுந்து கிடந்தார்கள். நான் மட்டும் நின்றேன்.

செல்லத்துரை அண்ணை குப்புறக் கிடந்தார். அவருக்கு மேலே அவருடைய தம்பி. தம்பியின் காலுக்குள் ஒரு வாத்தியார். இரண்டு பெண்கள் சேலையை இழுத்து மூடிக்கொண்டு நிலத்தில் குந்தியிருந்தார்கள். புழுதி இன்னும் அடங்கவில்லை.

நான் கோட்டுக்கு அங்கால் நின்றேன். எதிர்ப்பக்கத்து ஆட்களின் மூக்குக்கு முன்னால். இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்தபடி, முழங்காலை மடித்தபடி, அடுத்த இழுவைக்குத் தயாராக.



பிறகு ஒரு சின்னப் பெடியன் கேட்டான்: "அந்தோனி மாமா ஏன் முன்னுக்கு ஓடினவர்?"

அதோடு தொடங்கியது சிரிப்பு. பொம்மர் வந்து குண்டு போடுகிற காலம். ஒருவரும் அவ்வளவு சத்தமாகச் சிரிப்பதில்லை. அன்று சிரித்தார்கள். விழுந்து கிடந்தவர்களும் கிடந்தபடியே சிரித்தார்கள்.

என் மகள் ஜெசி சிரிக்கவில்லை. எட்டு வயது அவளுக்கு. தென்னையடியில் நின்று தன் பாவாடை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கரையில் இழுக்கிற விதம்

கரையை விட்டு வந்த கதையைப் போன கிழமை எழுதினேன். கரையில் என்ன வேலை செய்தேன் என்று எழுதவில்லை. அதைச் சொன்னால்தான் நான் ஓடினது விளங்கும்.

நான் கரைவலை இழுத்தவன். யாழ்ப்பாணத்து வடமராட்சி கிழக்கில் மணலும் ஒரு மாதா கோவிலும் உள்ள ஊர். வலை என்னுடையது இல்லை. சம்மாட்டியாருடையது. கைதான் என்னுடையது.

வள்ளம் வலையைக் கடலில் வளைத்துப் போட்டுவிட்டு வரும். வலையின் இரண்டு பக்கமும் நீளக் கயிறு. ஒவ்வொரு கயிற்றையும் ஒரு வரிசை ஆட்கள் பிடிப்போம். கடலைப் பார்த்தபடி பின்பக்கமாக நடந்து இழுப்போம். ஒருவர் அம்பா பாடுவார். அம்பா என்றால் வலை இழுக்கிற பாட்டு. அதற்கு மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவோம்.

தண்ணீர் விளிம்பில் பிடித்தவன் நடந்து நடந்து மணல் மேட்டுக்கு வந்துவிடுவான். மேட்டில் முள்ளுப் பற்றை. முதுகில் முள்ளுக் குத்தினால் அவனுடைய இழுவை முடிந்தது. கயிற்றை விட வேண்டும். தண்ணீர் விளிம்புக்கு ஓடி, முதல் ஆளுக்கும் முன்னால் பிடிக்க வேண்டும். பிறகு அடுத்தவனுக்கு முள்ளுக் குத்தும். அவனும் விட்டுவிட்டு ஓடி வருவான். இப்படியே சுற்றும். வலையும் வரும்.

விடாமல் நின்றால் பேச்சு விழும்.

"டேய், முள்ளுக்கை குடியிருக்கப் போறியோ? முன்னுக்கு ஓடடா!"

நான் வலைக்குப் போன புதிதில் என் அப்பாவே அப்படிப் பேசினார். எல்லாருக்கும் முன்னால் பேசினார். பிறகு நான் ஒருநாளும் பிந்தவில்லை. யோசித்துச் செய்கிற வேலை இல்லை அது. முதுகு சொல்லும். கை விடும். கால் ஓடும்.

ஊரை விட்டு வரும்போது ஒரு துண்டு இழுகயிற்றைச் சுருட்டி சைக்கிள் கரியரில் கட்டினேன். தும்புக் கயிறு. உப்பும் மீனும் ஊறினது.

"உதென்னத்துக்கு? கரவெட்டியிலை கடல் இருக்கோ?" என்று புஷ்பம் கேட்டாள். புஷ்பம் என் மனிசி.

ஆட்டுக்கல்லை விட்டுவிட்டுக் கயிற்றைக் கொண்டு வந்த மனிசன் என்று கன காலம் சொன்னாள். பச்சைப் பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு வந்தவள். சொல்லத்தான் செய்வாள்.

ஓடாத பிள்ளை

ஜெசி கரையில் பிறந்தவள். நண்டுக்குப் பின்னால் ஓடுவாள். நாய்க்கு முன்னால் ஓடுவாள். சாப்பிடக் கூப்பிட்டால் எதிர்ப்பக்கம் ஓடுவாள். புஷ்பம் அகப்பையோடு துரத்துவாள். பிடிக்கமாட்டாள்.

இந்திய ஆமி போய், திரும்பச் சண்டை தொடங்கின காலம். ஒரு காலையில் ஹெலி வந்தது. வலை பாதியில் நின்றது. நாங்கள் கயிற்றை விட்டுவிட்டு மணலில் குப்புற விழுந்தோம். ஜெசி என்னைத் தேடி வெளியில் ஓடி வந்தாள்.

நான் கத்தினேன். "ஓடாதை! ஓடினால் சுடுவான்! படு!"

படுத்தாள். ஹெலி சுட்டது. எங்களில் ஒருவருக்குக் காலில் பட்டது. அவளுக்கு ஒன்றும் இல்லை.

அன்றைக்கு அப்படிச் சொன்னதுதான் சரி. இன்றைக்கும் அதைத்தான் சொல்வேன். ஆனால் அவள் அதற்குப் பிறகு ஓடவே இல்லை.

கரையை விட்டுக் கரவெட்டிக்கு வந்த எங்களுக்குச் செல்லத்துரை அண்ணை தன் காணி மூலையில் ஓலைக் கொட்டில் போட இடம் விட்டார். புகையிலையும் வெங்காயமும் செய்கிற தோட்டக்காரர். எனக்கு வேலையும் தந்தார். கிணற்றில் நாங்களே அள்ளலாம் என்றார். சாதி பார்க்கிற அந்த நாளில் அது சின்ன விசயம் இல்லை. நல்ல மனிசன். வாய் திறந்தால் மட்டும் கொஞ்சம் குத்தும்.

கொட்டில் வாசலில் ஒரு உடைந்த உரல் கவிழ்ந்து கிடந்தது. ஜெசி அதில் இருப்பாள். பள்ளிக்கூடம் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது. நடந்தால் போவாள். வந்தால் உரலில் இருப்பாள். ஒருநாள் பள்ளி விட்டு வரும்போது மழை பிடித்தது. மற்றப் பிள்ளைகள் கொப்பியைத் தலையில் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். அவள் நடந்து வந்தாள். ஒழுகி ஒழுகி நடந்து வந்தாள்.

புஷ்பம் துவாயால் தலையைத் துடைத்தாள். துடைத்தபடி என்னைப் பார்த்தாள்.

மருத்துவிச்சியம்மா

பச்சைப் பிள்ளையை நிறுக்க மருத்துவிச்சியம்மா வந்தார். மாமரக் கொப்பில் தராசைக் கொழுவி, பிள்ளையைத் துணியில் போட்டுத் தொங்கவிட்டார். பிள்ளை வீரிட்டது. ஜெசி உரலில் இருந்து பார்த்தாள்.

"இவள் ஏன் இதிலை குந்தியிருக்கிறாள்? காலிலை என்ன?"

"காலிலை ஒண்டுமில்லை அம்மா. ஓடுறாளில்லை" என்றாள் புஷ்பம்.

மருத்துவிச்சியம்மா ஜெசியின் காலை நீட்டிப் பார்த்தார், மடக்கிப் பார்த்தார், உள்ளங்காலில் கிள்ளிப் பார்த்தார்.

"நல்ல கால். பங்கருக்கை குந்திக் குந்தி எல்லாப் பிள்ளையளும் கிழடு தட்டிப் போச்சுதுகள். உவள் மட்டுமில்லை. இந்தத் தெருவிலை ஒரு பிள்ளை மரம் ஏறிக் கண்டனீங்களே?"

நான் யோசித்தேன். காணவில்லை.

அவர் ஒவ்வொரு வீடாகப் போனார். பின்னேரம் பின்னேரம் பிள்ளைகளை விளையாட விட வேண்டும் என்றார். செல்லத்துரை அண்ணையின் மனிசி பரமேஸ் அக்கா ஒத்துக்கொள்ளவில்லை.

"என்ரை முகுந்தன் ஸ்கொலர்சிப் சோதினை எடுக்கிற பிள்ளை. உவன் ஓடி என்ன காணப் போறான்?"

"எடுக்கட்டுமன். பொம்மர் வந்தால் ஸ்கொலர்சிப்பே, பரமேஸ், உவனைப் பங்கருக்குத் தூக்கிக்கொண்டு போகும்?" என்றார் மருத்துவிச்சியம்மா.

பரமேஸ் அக்கா சிரித்துவிட்டார். முகுந்தன் அன்றைக்கே வந்தான்.

பிள்ளையோடு ஒரு பெரிய ஆள்

சனசமூக நிலையத்துக்குப் பின்னால் ஒரு தென்னங்காணி. மேலே இருந்து பார்த்தால் ஓலைதான் தெரியும். ஆட்கள் தெரியாது. ஓரத்தில் குண்டுக்குப் பதுங்கப் பங்கர் வெட்டினோம். நானும் வெட்டினேன். பனங்குற்றி அடுக்கி மேலே மண்மூட்டை போட்டோம்.

மருத்துவிச்சியம்மா ஒரு கட்டளை வைத்தார். பிள்ளை வந்தால் வீட்டில் இருந்து ஒரு பெரிய ஆளும் வர வேண்டும்.

"பொம்மர் வந்தால் இவ்வளவையும் நான் ஒருத்தி தூக்கேலுமே? அவரவர் பிள்ளையை அவரவர் இழுத்துக்கொண்டு ஓடுங்கோ. ஆள் வராட்டில் பிள்ளையும் வேண்டாம்."

புஷ்பத்துக்குக் கைப்பிள்ளை. ஆகவே நான் போனேன்.

முதலில் பெரிய ஆட்கள் வெற்றிலை போட்டுக்கொண்டு நிழலில் இருந்தோம். சாமான் விலை கதைத்தோம். மண்ணெண்ணெய் கதைத்தோம். மருத்துவிச்சியம்மா வந்து நின்றார்.

"வெத்திலை போடவோ கூப்பிட்டனான்? எழும்புங்கோ. பிள்ளையளோடை கிளித்தட்டு."

கிளித்தட்டு என்றால் நிலத்தில் கோடு கீறி, மறிக்கிற ஆளுக்கு அகப்படாமல் கோடு தாண்டி ஓடுகிற விளையாட்டு. பரமேஸ் அக்கா சேலையைச் செருகிக்கொண்டு மறித்தார். வாத்தியாரை மறித்துப் பிடித்துவிட்டு, "எங்கை ஐயா, இனி வாய்ப்பாடு சொல்லுங்கோ பாப்பம்" என்றார். பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். தங்களுடைய தாய் தகப்பன் ஓடுவதை அவர்கள் அதற்கு முன் கண்டிருந்தால் பங்கருக்கு ஓடினதைத்தான் கண்டிருப்பார்கள்.

ஜெசி அந்தக் கோடுகளுக்குள் நடந்தாள். எல்லாரும் ஓடுகிற இடத்தில் அவள் நடந்தாள். முதல் கோட்டிலேயே அகப்படுவாள்.

"அம்மா, இவளைச் சேர்க்கவேண்டாம். இவள் நடக்கிறாள்" என்றான் முகுந்தன்.

"நடக்கிறவளும் ஆள்தானடா. நீ ஓடு" என்றார் மருத்துவிச்சியம்மா.

நான் ஒவ்வொரு பின்னேரமும் அவளுடைய காலைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு ஒன்றும் எனக்கு வேண்டியிருக்கவில்லை. இந்தப் பிள்ளை ஒருதரம் ஓட வேண்டும். அவ்வளவுதான்.

கடலையே இழுத்தவன்

கொஞ்ச நாளில் ஒரு போட்டி வைத்தார்கள். தெருவுக்கு இந்தப் பக்கத்துக் குடும்பங்கள் ஒரு பக்கம், அந்தப் பக்கத்துக் குடும்பங்கள் மற்றப் பக்கம். கரண்டியில் தேசிக்காய் வைத்து ஓடுகிற ஓட்டம், சாக்கு ஓட்டம், கடைசியில் பெரிய ஆட்களுக்குக் கயிறிழுத்தல். வென்ற பக்கத்துப் பிள்ளைகளுக்கு ஒரு வாழைக்குலை. கதலி. பழுத்து மணந்தது.

கயிறு இல்லை. கிணற்றுத் துலாக்கயிறு எல்லாம் நைந்து போயிருந்தது. நான் என்னுடைய இழுகயிற்றைக் கொண்டு போனேன்.

செல்லத்துரை அண்ணை பார்த்தார். "அந்தோனி, நீர் வலை இழுத்த ஆளெல்லே?"

"ஓம் அண்ணை. கடலையே இழுத்தனாங்கள். இது என்ன?"

நான் அதிகம் கதைக்கிறவன் இல்லை. அன்று கதைத்தேன். ஜெசியிடமும் சொன்னேன், குலை எங்களுக்குத்தான் என்று. அவள் தலையாட்டினாள். அப்பாவை நம்புகிற வயது.

"அப்ப நீர் கடைசியாளா நில்லும். பாரமான ஆள்தான் கடைசியிலை நிக்கவேணும்" என்றார் அண்ணை.

கயிற்றைத் தூக்கினதும் வாத்தியார் கையை மணந்து பார்த்தார். "ஐயோ, மீன் நாத்தம். நான் இண்டைக்கு விரதம்."

"விரதகாரர் மூச்சுப் பிடிச்சு இழுங்கோ" என்றார் மருத்துவிச்சியம்மா.

விசில் ஊதினார்கள். இழுத்தோம். முதலில் அசையவில்லை. எனக்குத் தாங்கவில்லை, அம்பா எடுத்தேன். தோட்டக்கார ஆட்களுக்கு அம்பா தெரியாது. ஆனால் எந்தச் சொல்லில் இழுப்பது என்று உடம்பு பிடித்துக்கொண்டது. ஒரு அடி வந்தது. இன்னொரு அடி வந்தது. பிள்ளைகள் கத்தினார்கள். நான் கண்ணை மூடினேன். உள்ளங்கையில் அதே கயிறு. அதே மணம். காலுக்குக் கீழே தென்னங்காணி மணல்.

பின்னால் வேலி. முள்முருக்குக் கதியால் போட்ட வேலி.

முதுகில் முள்ளுக் குத்தியது.

மிச்சத்தை முதலிலேயே எழுதிவிட்டேன்.

சொன்ன சொற்கள்

செல்லத்துரை அண்ணை எழும்பி இடுப்பில் கட்டின சாரத்தைத் தட்டினார். "அந்தோனி, நீர் கடலைத்தான் இழுப்பீர் போலை. தரையெண்டால் விட்டிட்டு ஓடுவீர்."

அதற்கு எனக்கும் சிரிப்பு வந்திருக்கும். ஆனால் எதிர்ப்பக்கத்தில் ஒருவர் சொன்னார்: "விடுங்கோ அண்ணை. கரையிலையிருந்து ஓடி வந்த ஆள்தானே. ஓடிப் பழகிப்போச்சு."

அந்தச் சொல் உள்ளே போய் நின்றது.

நான் விளங்கப்படுத்தியிருக்கலாம். கரையில் இப்படித்தான் இழுப்பது, முள்ளுக் குத்தினால் விடுவது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. கயிற்றைக் கீழே போட்டேன்.

மருத்துவிச்சியம்மா குலையை வெட்டி இரண்டு பக்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்தார். ஜெசி தன் பழத்தைச் சாப்பிடவில்லை. உரிக்காமல் கையில் வைத்துக்கொண்டு எனக்குப் பின்னால் நடந்து வந்தாள்.

வீட்டுக்குப் போகிற ஒழுங்கையில் வைத்துக் கேட்டாள்.

"அப்பா, நீங்கள் ஏன் ஓடினீங்கள்?"

நான் நடந்தேன்.

"ஓடப்படாதெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்?"

நான் திரும்பிப் பார்க்கவில்லை. முகத்தை அவள் பார்த்துவிடக் கூடாது. வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்தேன்.

பாம்பு கிடக்கும்

அடுத்த நாள் தோட்டத்துக்குப் போகிற வழியில் இரண்டு பெடியன்கள் சைக்கிளில் போனார்கள். ஒருவன் கைபிடியை விட்டான். "அந்தோனி!" என்று கத்தினான். மற்றவன் சிரித்து விழப் பார்த்தான். என் பெயர் அப்படி ஆகிவிட்டது. யாராவது எதையாவது கைவிட்டால் "அந்தோனி". கிணற்றில் வாளி விழுந்தால் "அந்தோனி". செல்லத்துரை அண்ணையின் மாடு கட்டை அறுத்துக்கொண்டு ஓடினபோது அவரே சொன்னார். பிறகு என்னைக் கண்டு நாக்கைக் கடித்தார்.

நான் பின்னேரம் போவதை நிறுத்தினேன். வயிற்று வலி என்றேன். முதுகுப் பிடிப்பு என்றேன். வெங்காயத்துக்குத் தண்ணீர் இறைக்க வேண்டும் என்றேன்.

நான் போகாவிட்டால் ஜெசியும் போக முடியாது. அதுதான் கட்டளை. திரும்பவும் உரலில் இருந்தாள். பின்னேரம் தென்னங்காணியில் பிள்ளைகள் கத்துகிற சத்தம் எங்கள் கொட்டில் வரை வரும். அவள் அந்தப் பக்கம் தலையைத் திருப்பமாட்டாள்.

புஷ்பம் ஒருநாள் பொறுக்காமல் சொன்னாள்.

"உங்களுக்கு வெக்கமெண்டால் நீங்கள் வெக்கப்படுங்கோ. பிள்ளை ஏன் உரலிலை இருக்கவேணும்?"

"உனக்குத் தெரியாது. அவங்கள் சிரிக்கிறாங்கள்."

"சிரிக்கட்டுமன். குண்டே போடுறாங்கள்?"

நான் வெளியே போய்விட்டேன்.

இனி எழுதுவது எழுதக் கூச்சமான விசயம். ஒரு காலை மருத்துவிச்சியம்மாவின் சைக்கிள் ஒழுங்கையில் வருவதைக் கண்டேன். பச்சைப் பிள்ளையை நிறுக்க வருகிறார். என்னைக் கேட்பார். நான் யோசிக்கவில்லை. கொட்டிலடியில் வெட்டியிருந்த பங்கருக்குள் இறங்கினேன். வானத்தில் ஒன்றும் இல்லை. நல்ல வெயில். நான் பங்கருக்குள் குந்தியிருந்தேன்.

மேலே கதைப்பது கேட்டது.

"எங்கை அந்தோனி?"

"தோட்டத்துக்குப் போட்டார் அம்மா" என்றாள் புஷ்பம்.

"இல்லை" என்றாள் ஜெசி. "அப்பா பங்கருக்கை."

"பொம்மர் வரேல்லையே பிள்ளை?"

"வரேல்லை."

பிறகு பங்கர் வாசலில் வெளிச்சம் மறைந்தது. மருத்துவிச்சியம்மாவின் முகம்.

"அந்தோனி, பாம்பு கிடக்கும். கவனம்."

அவ்வளவுதான் சொன்னார். பிள்ளையை நிறுத்துவிட்டுப் போனார். சைக்கிள் சத்தம் முற்றாக அடங்கும் வரைக்கும் நான் ஏறி வரவில்லை. ஏசியிருந்தால் நல்லாக இருந்திருக்கும்.

வேலிக்கு வெளியே

அன்று பின்னேரம் பரமேஸ் அக்கா எங்கள் கொட்டிலுக்கு வந்தார். ஒரு கையில் முகுந்தன்.

"வாடி ஜெசி. பொம்மர் வந்தால் உவனை ஒரு கையிலை இழுக்கிறன், உன்னை மற்றக் கையிலை இழுக்கிறன். நான் விட்டிட்டு ஓடமாட்டன்."

கடைசிச் சொல் எனக்குச் சொன்னது. பார்வை மட்டும் ஜெசியில் இருந்தது.

அவர்கள் போனார்கள். நான் வாசலில் இருந்தேன். புஷ்பம் பிள்ளைக்குப் பால் கொடுத்தபடி எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தாள். கொஞ்ச நேரம் இருந்தேன். இருக்க முடியவில்லை. ஒருவேளை பொம்மர் வந்தால் பரமேஸ் அக்கா இரண்டு பிள்ளைகளை எப்படி இழுப்பார்? எழும்பிப் போனேன். தென்னங்காணி வாசல் படலையால் போகவில்லை. காணியின் பின்பக்கம் போய் வேலிக்கு வெளியே நின்றேன். ஓட்டையால் பார்த்தேன். கள்ளனைப்போல.

பிள்ளைகள் என்னுடைய கயிற்றை ஒரு பனங்குற்றியில் கட்டியிருந்தார்கள். பங்கருக்குப் போட்டு மிஞ்சின குற்றி. அதற்கு மேலே ஒரு வாண்டு சவாரி. மற்றவர்கள் வரிசையாகக் கயிற்றைப் பிடித்துப் பின்பக்கமாக நடந்து இழுத்தார்கள். கடைசியில் நின்றவன் வேலிக்குக் கிட்ட வந்ததும் கயிற்றை விட்டான். "அந்தோனி!" என்று கத்தினான். இல்லாத சாரத்தை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தான். காலை அகட்டி அகட்டி ஓடினான். குற்றிக்குக் கிட்டப் போய் முன்னுக்குப் பிடித்தான். பெரிய ஆட்கள் எல்லாரும் சிரித்தார்கள்.

அது நான் ஓடினவிதம். அப்படித்தான் ஓடியிருக்கிறேன்.

அடுத்தவன் விட்டான். "அந்தோனி!" அடுத்தவள் விட்டாள். "அந்தோனி!" குற்றி நகர்ந்துகொண்டே வந்தது. எனக்குக் காது சுட்டது. போய்விடலாம் என்று திரும்பினேன்.

அப்போது கண்டேன். அடுத்ததாகக் கடைசியில் நிற்பது ஜெசி.

அவள் பின்பக்கமாக நடந்து நடந்து வேலிக்கு வந்துவிட்டாள். நான் கையை நீட்டினால் அவளுடைய பின்னலில் முட்டும். முள்ளு முதுகில் பட்டிருக்க வேண்டும். தோள் ஒடுங்கியது. ஆனால் கயிற்றை விடவில்லை. நின்றாள்.

"ஜெசி, விடு! விட்டிட்டு ஓடடி!" என்று பிள்ளைகள் கத்தினார்கள்.

அவள் நின்றாள். மூச்சு வாங்குவது எனக்குக் கேட்டது.

ஒரு சொல் சொல்லியிருக்கலாம். "ஓடு பிள்ளை" என்று மெதுவாகச் சொன்னாலே கேட்டிருக்கும். ஓடாதை என்று சொன்னவன் நான். ஓடு என்று சொல்ல வேண்டியவனும் நான்தான். ஆனால் சொன்னால் நான் வேலிக்குப் பின்னால் ஒளித்து நிற்பது எல்லாருக்கும் தெரிந்துவிடும். அதனால் சொல்லவில்லை. கயிற்றை விட்டதற்கு நான் பட்ட வெட்கம் எப்போதோ போய்விட்டது. இது போகவில்லை.

முகுந்தன்தான் கத்தினான். "ஜெசி, கொப்பா மாதிரி ஓடடி!"

அவள் கயிற்றை விட்டாள்.

பாவாடையை இரண்டு கையாலும் தூக்கினாள். "அந்தோனி!" என்று கத்தினாள். தகப்பன் பெயரை வாயால் சொல்லாத பிள்ளை. அன்று முழுச் சத்தத்தில் சொன்னாள். காலை அகட்டி அகட்டி, என்னைப்போலவே, ஓடினாள். பிள்ளைகள் அடக்கமுடியாமல் சிரித்தார்கள். பரமேஸ் அக்கா நிலத்தில் இருந்து கண்ணைத் துடைத்தார். ஜெசியும் சிரித்தாள். முன்னுக்குப் போய்க் கயிற்றைப் பிடித்தபிறகும் சிரித்தாள்.

நான் முள்முருக்கைப் பிடித்துக்கொண்டு நின்றேன். கை முழுக்க முள்ளு. அது பிறகுதான் தெரிந்தது.

படலையால்

வேலியைச் சுற்றிப் போனேன். படலையைத் திறந்தேன். படலை கிறீச்சிட்டது. எல்லாரும் திரும்பினார்கள்.

சிரிப்பு நின்றது. அது சிரித்ததைவிட மோசம். பிள்ளைகள் கயிற்றைக் கீழே போட்டுவிட்டு அம்மாமாரைப் பார்த்தார்கள். அகப்பட்டுக்கொண்டோம் என்று நினைத்தார்கள். ஜெசியின் முகம் விழுந்துவிட்டது. பாவாடையை விட்டுவிட்டு நேராக நின்றாள்.

நான் அப்போது திரும்பிப் போயிருந்தால் அவள் உரலுக்குத்தான் போயிருப்பாள். அது எனக்குத் தெரிந்தது.

செல்லத்துரை அண்ணை தொண்டையைச் செருமினார். "வாரும் அந்தோனி. பெடியள் சும்மா பம்பலுக்கு..."

"ஓம் அண்ணை" என்றேன்.



நான் கயிற்றின் கடைசிக்குப் போனேன். குனிந்து நுனியை எடுத்தேன். "பிடியுங்கோ" என்றேன். பிள்ளைகள் ஒவ்வொருவராகப் பிடித்தார்கள். எனக்கு முன்னால் வாத்தியாரும் வந்து பிடித்தார். அம்பா எடுக்கவில்லை. சும்மா இழுத்தோம். பின்னால் பின்னால் நடந்தோம்.

முள்ளுக் குத்தியது.

விட்டேன். சாரத்தைத் தூக்கிப் பிடித்தேன். ஓடினேன். அவ்வளவு பேருக்கும் முன்னால், காலை அகட்டி, நாற்பது வயது மனிசன். ஒருவரும் சத்தம் போடவில்லை. பாதித் தூரம் போனபோது ஒரு வாண்டு தாங்கமாட்டாமல் கத்தியது.

"அந்தோனி!"

பிறகு எல்லாரும் கத்தினார்கள். முகம் எரிந்தது. நான் நிலத்தைப் பார்த்தபடி ஓடினேன்.

கயிற்றின் தலைப்பில் ஜெசி நின்றாள். நான் வருவதைக் கண்டு ஒரு அடி பின்னுக்குப் போய் இடம் விட்டாள்.

"இஞ்சை பிடியுங்கோ அப்பா. கெதியா. அடுத்தது வாத்தியார் ஓடப் போறார்."

பிடித்தேன்.